சிசேரியன் ஆனால் பால் ஊறாதா?

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் பிரசவம். தண்ணீர்க்குடம் உடைந்து ராத்திரி முழுக்க வலி எடுத்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று அவசரமாக சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை. பிறந்த எடை 2 கிலோ 900 கிராம். என்னை வார்டுக்குக் கொண்டுவர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் பால் பவுடர் கலந்து கொடுத்துவிட்டார்கள். முதல் மூன்று நாள் எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நான்காம் நாள்தான் மார்பு கனத்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது குழந்தையின் எடை 2 கிலோ 690. இன்று பன்னிரண்டாம் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டோம், 2 கிலோ 850. பகலில் தாய்ப்பால் கொடுக்கிறேன். நான் தூங்க வேண்டும் என்று ராத்திரியில் இரண்டு வேளை அம்மா புட்டிப்பால் கொடுக்கிறார். பகலில் பால் கொடுத்த ஒரு மணி நேரத்தில் மறுபடி அழுகிறாள். 'ஆபரேஷன் பண்ணினவளுக்கு ஏது பால்?' என்கிறார் மாமியார். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. முதல் வாரம் பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறும் சுருட்டிச் சுருட்டி வலித்தது. மாத்திரை பாலில் இறங்கிவிடும் என்று பயந்து வலி மாத்திரையை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும் என்று ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான் தருகிறார்கள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. என் குழந்தைக்கு என்னால் பால் கொடுக்க முடியுமா, டாக்டர்?

ச.மு., திருமங்கலம்

பதில்:

அன்புள்ள ச.மு.,

முடியும். இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எடைக் கணக்கே அதைச் சொல்கிறது. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் உடம்பில் மிகுதியாக உள்ள நீரையும் கரும்பச்சை நிற முதல் மலத்தையும் வெளியேற்றும். அதனால் பிறந்த எடையில் ஏழு சதவீதம், சில குழந்தைகளுக்குப் பத்து சதவீதம் வரைகூடக் குறையும். உங்கள் மகள் குறைந்தது 210 கிராம். ஏழு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அடுத்த ஏழு நாளில் 160 கிராம் கூடிவிட்டாள். இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூடினால் போதும். இரண்டு வாரத்தை ஒட்டிப் பிறந்த எடைக்குத் திரும்பிவிடுவாள். ராத்திரி கொடுக்கும் பவுடர் பாலுக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மற்ற வேளைகளில் அவள் வயிற்றுக்குப் போனது முழுக்க உங்கள் பால்தான்.

இந்த நிலைமையில் நீங்கள் தனியாகவும் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். ஆபரேஷனுக்கும் பாலுக்கும் பகை என்றால் நம் மாநிலத்தில் கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் தாய்ப்பாலையே அறியாமல் வளர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லையே!

கத்தி பட்டது வயிற்றில். மார்பில் எதுவும் ஆகவில்லை. சிசேரியன் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது முதல் சில மணி நேரத்தையும் உடம்பின் தெம்பையும் மட்டுமே. அந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் பால் தானாக வழிக்கு வரும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பால் ஏன் தாமதமாக வந்தது?

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பில் சீம்பால் (பிரசவத்தை ஒட்டிச் சுரக்கும் கெட்டியான மஞ்சள் நிறப் பால்) உருவாகத் தொடங்கிவிடும். ஆனால் புரோஜெஸ்ட்ரோன் (கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்) உடம்பில் மிகுந்திருக்கும்வரை பால் பெருகாது. கருப்பையிலிருந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்ட்ரோன் மளமளவென்று இறங்கும். அதுவரை அடங்கியிருந்த புரோலாக்டின் (பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன்) தன் வேலையைத் தொடங்கும். நஞ்சுக்கொடி பிறப்புவழியாக வந்ததா, வயிற்றைத் திறந்து எடுத்ததா என்ற வேறுபாடு அந்த ஹார்மோனுக்குத் தெரியாது.

பிறகு தாமதம் ஏன்? நீண்ட நேரம் வலி எடுத்தது, அவசர ஆபரேஷனால் வந்த பதற்றம், ரத்த இழப்பு, குழந்தை உங்கள் கைக்கு வந்தது நான்கு மணி நேரம் கழித்து, அதற்குள் அதன் வயிறு பவுடர் பாலால் நிறைந்தது என்று உங்கள் கடிதத்திலேயே பல காரணங்கள் இருக்கின்றன. சாதாரணமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு கனத்துப் பால் பெருகும். முதல் பிரசவத்திலும் அவசர சிசேரியனிலும் ஒரு நாள் பிந்துவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். உங்களுக்கு நான்காம் நாள் வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

அந்த மூன்று நாள் 'சொட்டுச் சொட்டாக' வந்ததும் வீணாகவில்லை. முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வதே 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. சீம்பாலும் அந்த அளவில்தான் வரும். நோய் எதிர்ப்புப் பொருட்கள் அடர்ந்திருக்கும் அந்தச் சில சொட்டுகள் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதை நினைத்து நிம்மதியாக இருங்கள்.

சிசேரியன் ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது தாய் விழித்துத்தான் இருக்கிறார். தாயும் குழந்தையும் நலமாக இருந்தால் ஆபரேஷன் மேசையிலேயே குழந்தையை மார்பின்மேல் போடலாம். முழு மயக்கம் கொடுத்திருந்தாலும் தெளிந்து குழந்தையை அணைக்க முடிந்ததும் கொடுக்கலாம். அடுத்த பிரசவத்தில் இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ராத்திரிப் புட்டியை ஏன் நிறுத்த வேண்டும்?

உங்கள் அம்மா மகள் மேலுள்ள பாசத்தில் செய்கிறார். ஆனால் பாலைக் குறைக்கக்கூடிய ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது என்றால் அது இந்த ராத்திரிப் புட்டிதான். குழந்தை சப்பும்போதெல்லாம் புரோலாக்டின் ஏறும். அதிலும் இரவில் கூடுதலாக ஏறும். அந்த நேரத்தில் குழந்தை மார்புக்கு வராவிட்டால் இவ்வளவு பால் தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். மார்பிலேயே தேங்கி நிற்கும் பாலும் சுரப்பை அடக்கும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வது தாய்ப்பாலுக்கு அப்படியே பொருந்தும்.

எனவே ராத்திரியிலும் குழந்தை உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்காக உங்கள் தூக்கத்தைப் பலி கொடுக்கச் சொல்லவில்லை. அம்மா செய்யும் உதவியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். புட்டியைக் கலக்குவதற்குப் பதிலாகக் குழந்தையை எடுத்து உங்கள் பக்கத்தில் கிடத்தட்டும். குடித்து முடித்ததும் ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தூங்க வைக்கட்டும். பகலில் குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். அந்த நேரத்தில் பார்க்க வரும் உறவினர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பும் பொறுப்பை உங்கள் கணவர் ஏற்கட்டும்.

இரண்டு வேளைப் பவுடரையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். முதலில் ஒரு வேளையை விடுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து எடை பாருங்கள். நாளுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் கூடி, சிறுநீரும் சரியாகப் போனால் அடுத்த வேளையையும் விட்டுவிடலாம். எடை கூடாவிட்டால் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்த பிறகே குறைக்க வேண்டும். இருக்கிற பவுடரையே தண்ணீரைக் கூட்டிக் கலக்கிக் கொடுப்பது ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். எப்போதாவது பாலைப் பீய்ச்சிக் கொடுக்க நேர்ந்தால் புட்டி வேண்டாம், பாலாடை போதும். நம் பாட்டிமார் கையாண்ட அதே பாலாடையைத்தான் இன்று பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது எளிது. குழந்தைக்கு ரப்பர் காம்பு பழகிப்போகாது.

பவுடர் பாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்த குழந்தைக்கும், உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கும், தாய்க்கு உடல்நிலை மோசமாக இருக்கும்போதும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது மருந்து. மற்றபடி, குழந்தைப் பால் பவுடரை விளம்பரப்படுத்துவதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டின் சட்டமே நம் நாட்டில் தடை செய்கிறது. அவ்வளவு கண்டிப்பு எதற்கென்று யோசித்துப் பாருங்கள்.

'ஒரு மணி நேரத்தில் மறுபடி அழுகிறாள்'

தாய்மார்களை அதிகம் கலங்க வைப்பது இந்த அழுகைதான். பச்சைக் குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். சாயங்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும் என்பது ஒரு காரணம். தாயின் சூடு வேண்டும் என்பது இன்னொரு காரணம். அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது.

துணியை எண்ணுங்கள். ஐந்தாறு நாளுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய சிறுநீர் போக வேண்டும். மலம் கருப்பிலிருந்து பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிட வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். வாரா வாரம் எடை கூட வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால் பால் போதவில்லை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடை போடச் சொல்லிக் கேளுங்கள். அது அவருடைய வேலைதான்.

இடையில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். சேனை வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால் தாயின் பாலையே நாக்கில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூடத் தேவையில்லை. திருமங்கலத்துக் கோடையிலும் தேவையில்லை.

தையலில் படாமல் எப்படிக் கொடுப்பது?

மடியில் குறுக்காகப் படுக்க வைத்தால் குழந்தையின் கால் தையலில் உதைக்கும். அதற்கு இரண்டு மாற்று உண்டு.

ஒன்று, ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குழந்தையையும் உங்களைப் பார்த்து ஒருக்களித்துக் கிடத்தி, அதன் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி அணையுங்கள். ராத்திரிக்கு இதுவே வசதி. குடித்து முடித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாந்து படுக்க வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கக்கத்தில் இடுக்கிக் கொடுப்பது. சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் தலையணையை உயர்த்தி வைத்து, குழந்தையின் உடம்பு உங்கள் கைக்கு அடியிலும் கால்கள் உங்கள் முதுகுப்பக்கமும் போகும்படி பிடியுங்கள். தையல் பக்கம் எதுவும் படாது. எப்படிப் பிடித்தாலும் நீங்கள் குனிய வேண்டாம். குழந்தையை உயர்த்திக் கொண்டுவாருங்கள். குனிந்து குனிந்து கொடுப்பதுதான் பிற்பாடு முதுகுவலியாக நிற்கும். முதுகில் போட்ட ஊசியை அதற்குக் குற்றம் சொல்வது சரியல்ல.

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, காம்பும் வெடிக்கும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. வலித்தால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள்.

முதல் வாரம் அடிவயிறு சுருட்டி வலித்ததாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் (பாலை வெளியே தள்ளும் ஹார்மோன்) ஊறும். அதே ஹார்மோன் கருப்பையையும் சுருக்கும். அதனால் ரத்தப்போக்கு குறையும். கருப்பை இரண்டு வாரத்துக்குள் இடுப்புக்குள் இறங்கி, ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வரும். அந்த வலி நல்லதுக்கு வந்தது. இப்போது அது நின்றிருக்க வேண்டும். நிற்காமல் கூடினால் மட்டும் காட்டுங்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

வலி தாங்கிக்கொண்டு கொடுப்பது தியாகம் என்று நினைக்கிறீர்கள். வலியும் பயமும் ஆக்ஸிடோசினைத் தடுக்கும். சுரந்த பாலே இறங்காமல் நிற்கும். பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை பாலில் மிக மிகக் குறைந்த அளவில்தான் கலக்கும். சிசேரியனுக்குப் பிறகு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே. குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகலாம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. கோடீன் கலந்த மாத்திரையும் டிரமடாலும் வேறு ரகம். அவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் 'பால் கொடுக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லுங்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று டம்ளர் தண்ணீர் போதாது

தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்காது. சீழ் கிருமியால் வருவது. தண்ணீர் குறைந்தால் நடப்பது வேறு: மலம் கட்டும், முக்கினால் தையல் வலிக்கும், சிறுநீரில் எரிச்சல் வரும், உடம்பு சோரும். தாகத்துக்குக் குடியுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும்.

பத்தியத்தில் நல்லதும் உண்டு. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, நாட்டுக்கோழி ரசம், முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். அவை பாலைப் பெருக்கும் மந்திரம் அல்ல; சத்துள்ள சாப்பாடு. சிக்கல் வருவது விலக்குப் பட்டியலில்தான். பருப்பு சீழ் வைக்கும், கீரை குழந்தைக்கு வயிற்றால் போகும், பழம் சளி பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால் புண் ஆறுவதற்கு வேண்டிய புரதத்துக்கும் வைட்டமின் 'சி'க்கும் எங்கே போவது? பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு, இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால், ஒரு கொய்யாப்பழம் என்று சேர்த்தால் ஏறக்குறைய அந்தப் புரதக் கணக்கு வந்துவிடும்; மீதிக் கலோரிக்குச் சாப்பாட்டின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

புண் ஆறும் வரை

நீங்கள் இப்போது பிள்ளை பெற்றவர் மட்டுமல்ல, பெரிய ஆபரேஷன் ஆனவரும்கூட. வீட்டில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான். தோல் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். அதன் அடியில் கொழுப்பு, தசையை மூடிய உறை, கருப்பைச் சுவர் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. அவை பலப்பட ஆறு வாரமாவது ஆகும். தையல் இழுப்பதும், தழும்புக்கு மேலே தோல் மரத்திருப்பதும், அரிப்பதும் இயல்பு. மரத்துப்போனது தெளியச் சில மாதங்கள் ஆகலாம்.

தினமும் குளியுங்கள். சோப்பு நுரை மேலே வழிந்தால் போதும், தேய்க்க வேண்டாம். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, காற்றாட விடுங்கள். மஞ்சள், பவுடர், எண்ணெய் எதையும் புண்மேல் பூசாதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றுவதும் வேண்டாம். வயிற்றில் துணி கட்டினால் நடக்கும்போது இதமாக இருக்கும் என்றால் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம்; இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போய்விடும் என்பது உண்மையல்ல.

வீட்டுக்குள் நடங்கள். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள். இருமும்போதும் தும்மும்போதும் தையல்மேல் தலையணையை அழுத்திப் பிடியுங்கள். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும், தண்ணீர்க் குடம், சிலிண்டர், மாவுப் பாத்திரம் எதையும், தூக்க வேண்டாம்.

அழுகை வருவது பற்றி

காரணமில்லாமல் வரவில்லை, அம்மா. ஹார்மோன் திடீரென்று இறங்கியிருக்கிறது, தூக்கம் இல்லை, வலி இருக்கிறது, பால் இல்லை என்று சொல்லிக் குத்திக்காட்டவும் ஆள் இருக்கிறது. பிரசவமான முதல் பத்து நாள் பெரும்பாலான பெண்களுக்கு இப்படி மனம் தளும்பும். இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், குழந்தை மேலேயே ஒட்டுதல் வராவிட்டால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், வீட்டாரிடம் சொல்லி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிசேரியன் ஆனது உங்கள் குறையும் அல்ல. குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தபோது எடுத்த முடிவு, அவள் உயிரோடு உங்கள் மடியில் கிடப்பதற்காக எடுத்த முடிவு.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால். தையல் சிவந்து, வீங்கி, நீரோ சீழோ கசிந்தால், வாய் பிளந்தால். தீட்டு நாற்றமடித்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். கடும் தலைவலியோடு கண் மங்கினால். மார்பில் ஒரு பகுதி சிவந்து கல்லாகிக் குளிர்காய்ச்சல் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பக்கமே தொடர்ந்து கொடுக்கலாம். அந்தப் பால் குழந்தையைக் கெடுக்காது.

குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், மூச்சு வேகமாக ஓடினால், சிறுநீர் ஆறு தடவைக்குக் குறைந்தால், அன்றைக்கே காட்டுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கிறது. இதற்கெல்லாம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது உங்கள் மகளுக்கு ஒரு மாதம் தாண்டியிருக்கும். அதற்குள் புட்டி மூன்று நான்கு வேளையாகப் பெருகியிருந்தாலும் கலங்காதீர்கள். குழந்தையை அடிக்கடி மார்பில் விட்டால், விட்டுப்போன பாலையும் மீட்டுக் கொண்டுவரலாம். வேலைக்கார மார்பு அது, கேட்கக் கேட்கக் கொடுக்கும்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். எடை எழுதிய அட்டையைக் காட்டுங்கள், போதும். ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்கள். அன்றைக்கே தழும்பைக் காட்டி, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லி, அடுத்த குழந்தைக்கு இரண்டு வருடமாவது இடைவெளி விட என்ன வழி என்றும் கேட்டு வாருங்கள். குழந்தையைக் காட்டிவிட்டுத் தங்களைக் காட்டாமலே வீடு திரும்பும் தாய்மார்கள் நிறையப் பேர். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள்.